ஏ பக்கம், ஆர் பக்கம்

ஜார்ஜ்டவுன், பினாங்கு
அக்டோபர் 29

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, தம்பி மூவரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்க வேண்டியதில்லை. நேற்று விடியற்காலை நீ போனில் மூக்கை உறிஞ்சிய சத்தமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

நீ வழக்கம்போல ராத்திரி பத்து மணிக்குத்தான் கூப்பிட்டாய். இங்கே எப்போதும் நாலு மணியாக இருக்கும், நேற்று அஞ்சு. ஞாயிற்றுக்கிழமை அங்கே பிரான்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால், மார்ச் கடைசி ஞாயிறு முன்னால். என் காலத்தில் நமக்கும் ஒரே ஒரு தடவை அப்படி நடந்திருக்கிறது. 1981 டிசம்பர் 31 ராத்திரி, பதினொன்றரை ஆனதும் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அரை மணி நேரத்தை விழுங்கிவிட்டு 1982 பிறந்தது. நான் கடையில் சேர்ந்து அப்போது நாலைந்து மாசம். மறுநாள் கடை முதலாளி தவுக்கே என்னை ஏணியில் ஏற்றி, சுவரில் தொங்கிய அத்தனை கடிகாரத்தையும் அரை மணி முன்னால் தள்ள வைத்தார். மணி அடிக்கிற கடிகாரத்தின் முள்ளைச் சும்மா சுற்றிவிடக் கூடாது. அரைக்கு ஒரு தடவை, முழுசுக்கு ஒரு தடவை நிறுத்தி, அது அடித்து முடிக்கிறவரை காத்திருந்துதான் நகர்த்த வேண்டும். ஏணியில் நின்றபடி அன்றைக்கு முழுக்க மணிச் சத்தம் கேட்டேன்.

இதையெல்லாம் வாட்சாப்பில் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் பேசி அனுப்புவதை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய் என்று தம்பி சொன்னான். நான் நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதனால் காகிதம்.

"பா, நான் கிறிஸ்மஸோட திரும்பி வந்துடவா?" என்று கேட்டாய். அம்மா போனைப் பிடுங்கி, "வந்துடு சாமி, யாரு உன்னை அங்க போய்க் கஷ்டப்படச் சொன்னா" என்றாள். நான் "தூங்கும்மா, காலையில பாத்துக்கலாம்" என்று மட்டும்தான் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. உனக்குக் காலை வந்துவிட்டது, எனக்குச் சாயங்காலமும் ஆகிவிட்டது. வியாழக்கிழமை தீபாவளி. லெபோ பாசார் பக்கம் பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது. இந்த வாரத்தில் எல்லோரும் துணியும் பலகாரமும் வாங்குவார்களே தவிர வாட்சுக்கு பேட்டரி மாற்ற மாட்டார்கள். சூலியா ஸ்திரீட் காக்கி லீமா நடைபாதையில் என் வாட்ச் ரிப்பேர் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சாவி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். நீ தங்கியிருக்கிற வீட்டு மதாம், வீட்டுச் சாவி எங்கே என்று கேட்டார். நீ அதை ஃபிரிஜ்ஜுக்கு மேலே வைத்திருந்தாய். வாயில் வந்தது கீழே. எழுபது தாண்டிய அந்த அம்மா, முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஃபிரிஜ்ஜுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். நீ "மேலே, மேலே" என்று பதறிச் சொல்லச் சொல்ல, அதுவும் அவர் காதில் கீழே கீழே என்றே விழுந்தது. கடைசியில் நீ கையை நீட்டிக் காட்டினாய். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய்.

அந்த இரண்டு பிரெஞ்சு வார்த்தையையும் போனில் சொல்லிக் காட்டினாய். எனக்கு இரண்டும் 'தெசூ' என்றேதான் கேட்டது. கீழேக்கு நம்ம ஊ போதும். மேலேக்கு உதட்டை ஊ என்று குவித்து வைத்துக்கொண்டு உள்ளே நாக்கால் ஈ சொல்ல வேண்டும் என்று உன் டீச்சர் சொன்னாராமே. இன்று காலையிலிருந்து நானும் முயன்று பார்க்கிறேன். பக்கத்துப் பணமாற்றுக் கடை பாய் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "என்ன தம்பி, விசில் வரமாட்டேங்குதா?" என்றார்.

இப்போது நான் உனக்குச் சொல்லாத கதை ஒன்று.

நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் இருந்து நான் பினாங்குக்கு வந்தபோது வயசு பதினஞ்சு. எஸ்.ஆர்.பி. பரீட்சை தேறவில்லை. பால்மரம் வெட்டப் போகாமல் ஏதாவது கைத்தொழில் கற்றுக்கொள் என்று தாத்தா ஒரு சீனர் கடிகாரக் கடையில் கொண்டுவந்து விட்டுப் போனார். தவுக்கேவுக்கு ஹொக்கியன்தான் பேச்சு. மலாய் பாசாருக்குப் போதுமான அளவு. எனக்குத் தமிழும் பள்ளிக்கூட மலாயும். முதல் நாள் அவர் என்னைப் பார்த்து, "சியாக் பா போய்?" என்றார். ஏதோ சாமான் கேட்கிறார் என்று நினைத்து ஓடிப்போய்ச் சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி வைத்துவிட்டு, பெரிய ஸ்க்ரூடிரைவரா என்று நான் அடுத்ததை எடுக்கப் போனதும் சட்டையைப் பிடித்து நிறுத்தி, வாயில் சோறு அள்ளிப் போடுகிற மாதிரி கையைக் காட்டினார். பசியாறிட்டியா என்று கேட்டிருக்கிறார்.

அது பரவாயில்லை. நாறியது 'பே'யில்தான். ஹொக்கியனில் வாங்குவதும் 'பே', விற்பதும் 'பே'. குரலை மேலிருந்து வெட்டி இறக்கினால் வாங்குவது. அடியிலேயே வைத்துச் சொன்னால் விற்பது. அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு நாள் தவுக்கே சாப்பிடப் போயிருந்தார். ஒரு சீனப் பெரியவர் கடைக்குள் வந்து சுவர்க் கடிகாரங்களை அண்ணாந்து பார்த்தார். நான் ரொம்ப மரியாதையாக, என்ன வாங்குகிறீர்கள் என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, "லூ ஐ பே?" என்றேன். அவர் சட்டென்று தன் கையில் கட்டியிருந்த வாட்சை மற்ற கையால் பொத்திக்கொண்டார். விற்கிறீர்களா என்று கேட்டிருக்கிறேன். இந்தப் பையன் என் வாட்சைக் கேட்கிறான் என்று அவர் பக்கத்துக் கோப்பிக்கடையில் போய்ச் சொல்ல, அங்கே மேசை மேசையாகச் சிரிப்பு. அன்றிலிருந்து எனக்கு அந்தத் தெருவில் பேர் 'பே'. கோப்பி வாங்கப் போனால் கல்லாவில் இருப்பவர், "பே! இன்னிக்கு என்ன, மேல் பேயா, கீழ் பேயா?" என்பார். இரண்டு வருஷம்.

ராத்திரி கடை மாடியில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு நானும் அழுதிருக்கிறேன். தோட்டத்துக்கு ஓடிப் போய்விடலாமா என்று பஸ் காசை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஃபெரி, அப்புறம் பட்டர்வொர்த்தில் இருந்து பஸ். காசு இருந்தது. போகாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. தாத்தாவின் கைக்குப் பயம், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று நடந்தது. அவர்கள் கேலி செய்வதற்காக ஒரு நாளைக்கு இருபது முறை அந்தச் சொல்லை என்னிடம் சொன்னார்கள். நானும் இருபது முறை பதில் சொன்னேன். காசு கொடுத்துக் கற்றுக்கொண்டால் எந்த வாத்தியார் இருபது முறை சொல்லித் தருவார்? எப்போது சரியாக வந்தது என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் கோப்பிக்கடைக்காரர் சிரிக்கவில்லை. கோப்பியைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

என் ஹொக்கியன் இன்றைக்கும் ஓட்டைதான். அதில்தான் நாற்பது வருஷமாக நம்ம வீட்டு உலை கொதிக்கிறது.

உன் வகுப்பில் அந்தக் கொலம்பியாப் பையன் தப்புத் தப்பாகக் கொட்டித் தீர்க்கிறான், நான் வாக்கியத்தை மனசுக்குள் இங்கிலீஷில் கட்டி, பிரெஞ்சில் மாற்றி, ஆண்பாலா பெண்பாலா என்று பார்த்து முடிக்கிறதுக்குள்ள பேச்சு வேற எங்கயோ போயிடுது என்றாய். நீ சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். பரீட்சைத் தாளில் பென்சிலால் எழுதிப் பார்த்துவிட்டு மேலே பேனாவால் எழுதுகிற பிள்ளை. வாய்க்கு அழிரப்பர் கிடையாது, பாப்பா. அந்த டெல்ஃப் என்கிற பிரெஞ்சுப் பரீட்சையின் கணக்கை நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது, ஒவ்வொன்றுக்கும் 25, மொத்தம் 100, தேற 50. ஆனால் எதிலாவது ஒன்றில் அஞ்சுக்குக் கீழே போனால் மற்ற மூன்றில் அள்ளிக் குவித்தாலும் ஊற்றிக்கொள்ளும். அதைப் போட்டவன் உன்னைப் போன்ற பிள்ளைகளை மனசில் வைத்துத்தான் போட்டிருக்கிறான் போல.

ரொட்டிக்கடைப் பெண் விஷயம் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. நீ பிரெஞ்சில் கேட்கிறாய், அவள் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள், முகத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது என்றாய். யோசித்துப் பார்த்தால் அதே வேலையைத்தான் நானும் செய்கிறேன். வெள்ளைக்காரர்கள் என் மேசைக்கு வந்து, புத்தகத்தில் படித்துப் பாடம் பண்ணி, "பெராப்பா?" என்று கேட்பார்கள். நான் "தேர்ட்டி ரிங்கிட்" என்பேன். அவர்களுக்கு உதவி செய்கிறேன் என்று நினைப்பு. வேலையும் சீக்கிரம் முடியும். இன்று ஒரு பெண் வந்தாள், என்ன நாட்டுக்காரியோ. "பெராப்பா?" என்றாள். "தீகா பூலோ" என்றேன். முழித்தாள். விரல் விட்டு எண்ணினாள். முப்பது என்று கண்டுபிடித்ததும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பேட்டரி மாற்றியதுக்கு அப்படிச் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இல்லை. நீ அந்த ரொட்டிக்கடையை விட்டுவிடாதே. அவள் இங்கிலீஷில் சொன்னாலும் நீ பிரெஞ்சிலேயே பேசு. நுழைந்ததும் முதலில் 'போன்ஜூர்' சொல்ல மறக்காதே. சொல்லாமல் சாமான் கேட்டால் அங்கே மரியாதைக் குறைவு என்று நீதானே சொன்னாய். இங்கே நம்ம ஆட்கள் வருகிற வேகத்திலேயே "அண்ணே, பேட்டரி" என்பார்கள். அதுவும் எனக்குப் பழகிவிட்டது.

உனக்கு முடியாது என்று மட்டும் சொல்லாதே. அந்த ஊர்ப் பிள்ளைகளோடு வந்து படிக்கிற இங்கிலீஷ்காரப் பிள்ளை 'தூ' எப்போது, 'வூ' எப்போது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும். உனக்கு அது நீ, நீங்க. யாரை எப்போது நீ என்று கூப்பிடலாம் என்பது தமிழ்ப் பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு வந்தது. 'நீ' போட்டுப் பேசுவதற்கே அங்கே தனியாக ஒரு வினைச்சொல் இருக்கிறது என்றாயே, நம்மிடமும் அதற்கு ஒரு பேச்சு இருக்கிறது. "என்னை ஒருமையில பேசிட்டான்" என்று கோயில் கமிட்டியில் நாற்காலி பறந்ததை நீ பார்த்திருக்கிறாய். அப்புறம் எண்கள். தொண்ணூற்றொன்பதுக்கு நாலு இருபது, பத்து, ஒன்பது என்று ஒரு கணக்கே போட வேண்டியிருக்கிறது என்று புலம்பினாய். நம்ம தொண்ணூறை என்றைக்காவது திரும்பிப் பார்த்திருக்கிறாயா? எண்பதுக்கு அடுத்து வருகிற அதில் நூறு எப்படி வந்து உட்கார்ந்தது? எண்ணூறுக்கு அடுத்த தொள்ளாயிரத்தில் ஆயிரம் எங்கிருந்து வந்தது? நாம் கேட்டதே இல்லை. சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம்.

எழுத்து ஒன்று, சத்தம் ஒன்று என்பதும் அப்படித்தான். நீ இருக்கிற ஊரின் பேரையே நான் முதலில் 'பெசன்கான்' என்று படித்தேன். ஏதோ கான் சாகிப் பேர் மாதிரி இருந்தது. 'பெஸான்சோன்' என்று நீ திருத்தினாய். ஊரை வளைத்து ஓடுகிற ஆற்றுக்கு எழுத்து அஞ்சு, சத்தம் வெறும் 'தூ'. நேற்று அக்டோபர் 28. 1914-ல் அதே தேதியில்தான் எம்டன் கப்பல் விடியற்காலையில் நம்ம துறைமுகத்துக்குள் நுழைந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. அதற்கு ஒரு மாசம் முன்னால் மதராசில் குண்டு போட்ட அதே எம்டன். உன்னை அம்மா "சரியான எம்டன்" என்று திட்டுவாளே, அந்த எம்டன். வெளியே போகிற வழியில் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் மூழ்கடித்துவிட்டுப் போனது. அந்தப் பேரை நான் ரொம்ப காலமாக 'மௌஸ்குவெட்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ சொல்லித்தான் 'மூஸ்கே' என்று தெரியும். கடைசி எழுத்தைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போய்விட வேண்டும். தெருவில் கடன்காரனைப் பார்த்த மாதிரி.

இப்போது ஏ, ஆர் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் காகிதத்தையே எடுத்தேன்.

சாவி கொடுக்கிற வாட்சின் பின்மூடியைத் திறந்தால் பேலன்ஸ் வீல் துடித்துக்கொண்டிருக்கும், நீ சின்னப் பிள்ளையில் என் மடியில் உட்கார்ந்து லூப்பை ஒரு கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்ப்பாயே. "வாட்சுக்கு நெஞ்சு இருக்கு" என்பாய். அதன் மேலே ஒரு சின்னப் பாலம். அதில் நகத்துணுக்கு அளவு ஒரு முள். அந்த முள்ளை ஒரு தலைமயிர் அகலம் ஒரு பக்கம் தள்ளினால் வாட்ச் வேகமாக ஓடும், மறுபக்கம் தள்ளினால் மெதுவாகும். பாலத்தின் ஒரு ஓரத்தில் ஏ என்று செதுக்கியிருக்கும், இன்னொரு ஓரத்தில் ஆர். இங்கிலீஷ்கார வாட்சில் எஃப், எஸ் என்று இருக்கும். ஃபாஸ்ட், ஸ்லோ, அது புரிகிறது. சுவிஸ் வாட்சுகளில் ஏ, ஆர். தவுக்கேவிடம் ஏன் என்று கேட்டேன். "ஏ ஓடும், ஆர் நடக்கும், போய் வேலையைப் பார்" என்றார். அவருக்கும் தெரியாது. நாற்பது வருஷம் அந்த இரண்டு எழுத்துக்கு நடுவில் முள்ளைத் தள்ளித் தள்ளித்தான் சாப்பிட்டேன். என்ன எழுத்து என்று தெரியாமலே.

போன வருஷம் நீ பிரெஞ்சு வகுப்பு விட்டு வந்து, மோட்டாரில் ஏறுவதற்காக என் மேசையில் காத்திருந்தாய். லூப்பை எடுத்துச் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பா, இது அவான்ஸ், ரெதார்" என்றாய். முன்னால் போவது, பின்தங்குவது. "டயலில் 17 ரூபிஸ்னு போட்டிருக்கே, அது கல்லு, கடைசி எழுத்தைச் சொல்லாதே, ரூபி." அப்புறம் கையில் இருந்த லூப்பைக் காட்டி, "லூப்பும் பிரெஞ்சுதான்" என்றாய். நீ பாட்டுக்குச் சொல்லிவிட்டுக் கரும்புச்சாறு வாங்கப் போய்விட்டாய். நான் அன்றைக்கு அதற்கு மேல் வேலை செய்யவில்லை.

இத்தனைக்கும் நீ பிரான்சுக்குப் போகிறேன் என்றபோது நான்தான் குறுக்கே நின்றேன். "பிரெஞ்சு படிச்சிட்டு பினாங்குல யாருக்கு மணி சொல்லப் போறே?" என்று கேட்டேன். அம்மா இருபத்தெட்டு வருஷம் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஷிப்ட் பார்த்துச் சேர்த்த இ.பி.எஃப். சேமநிதிப் பணம். பிள்ளை படிப்புக்கு எடுக்கலாம் என்று விதி இருக்கிறது, எடுக்கிற மனசு எனக்கு வரவில்லை. அவளுக்கு வந்தது. பாரத்தில் அவள் கையெழுத்துப் போடும்போது நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு அலுவலகக் கவுண்டரில் நான் அதிகாரியிடம், "மை டாட்டர் கோ பிரான்ஸ்" என்றேன். நீ உடனே பக்கத்தில் இருந்து, "இஸ் கோயிங், பா" என்றாய். அந்த அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தபடி சிரித்தார். அதற்கப்புறம் இரண்டு நாள் நான் உன்னோடு பேசாதது பணக் கவலையால் என்று நீ நினைத்தாய். இல்லை, இதனால்தான். பதினஞ்சு வயசில் ஒரு தெருவே சிரித்ததைத் தாங்கிக்கொண்டேன். ஐம்பத்தெட்டு வயசில் பெற்ற மகள் ஒரு சொல்லைத் திருத்தினதைத் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து உன் எதிரில் நான் இங்கிலீஷே பேசவில்லை, கவனித்தாயோ இல்லையோ. அதனால் நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது எனக்கு நன்றாகவே புரிகிறது. என்ன மாதிரிச் சாத்தினாய் என்பதுகூடத் தெரியும். சத்தம் வராமல் சாத்தியிருப்பாய்.

மதாமுக்குச் செவ்வந்திப் பூத்தொட்டி வாங்கிக் கொடுத்து அவர் முகம் மாறியதற்கும் நீ வெட்கப்பட வேண்டாம். நவம்பர் முதல் தேதி வருகிறது, அவர்கள் கல்லறைக்கு எடுத்துப் போகிற பூ அது என்று உனக்கு எப்படித் தெரியும்? கடையில் மலிவாகக் குவித்து வைத்திருந்தால் யாரும் வாங்கத்தான் செய்வார்கள். இங்கே சீனர்களும் சாவு வீட்டுக்குத்தான் வெள்ளைச் செவ்வந்தி எடுத்துப் போகிறார்கள். நாம் அதையே மாலை கட்டிச் சாமிக்குப் போடுகிறோம். அவர் அந்தத் தொட்டியைத் தூக்கி எறியாமல் ஜன்னலில் வைத்திருக்கிறார் என்றாயே, அதைப் பார். அவர் குளியலறை சோப்பில் 'வெத்திவேர்' என்று எழுதியிருப்பதையும் சொல்லிச் சிரித்தாய். நம்ம வெட்டிவேர் அங்கே போய் மதாம் வீட்டில் குடியிருக்கிறது, அதற்கு யாரும் உச்சரிப்பு திருத்தவில்லை. அவர் வராந்தா பிரம்பு நாற்காலி 'ரோத்தான்' என்றதும் எனக்குத் தமிழ்ப்பள்ளி ஹெட்மாஸ்டர் கைதான் ஞாபகம் வந்தது.

சரி, உனக்கு ஒரு வேலை கொடுக்கிறேன்.

விமான நிலையத்தில் நான் உன் கையில் கட்டிவிட்ட வாட்ச், குளிர் வந்ததிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று நாலு நிமிஷம் பின்தங்குகிறது என்றாய். நான் போட்ட எண்ணெய் நம்ம வெயிலுக்குப் போட்டது. அங்கே இறுகியிருக்கும். நீயாகத் திறக்காதே. நீ இருப்பது சும்மா ஊர் இல்லை. 1793-ல் சுவிட்சர்லாந்தில் இருந்து வந்த கடிகாரக்காரர்கள் குடியேறி, அப்புறம் பிரான்சுக்கே வாட்ச் செய்து கொடுத்த ஊர். 'லிப்' வாட்ச் அந்த ஊர்தான். ஒரு லிப் என் மேசைக்கும் வந்திருக்கிறது. 1973-ல் அந்தத் தொழிற்சாலையை மூடப் பார்த்தபோது தொழிலாளிகளே உள்ளே உட்கார்ந்து வாட்ச் செய்து விற்றுச் சம்பளம் எடுத்துக்கொண்டார்கள் என்று நீ அனுப்பியதைப் படித்துவிட்டு அம்மா ஃபேக்டரி முழுக்கச் சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்ட ஊரில் வயசான ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரர் இல்லாமல் போகமாட்டார். விசாரித்துத் தேடிப் போ. தேடும்போதும் பிரெஞ்சில்தான் விசாரிக்க வேண்டும். கொலம்பியாப் பையனைத் துணைக்குக் கூட்டிப் போகாதே, அவன் எல்லாவற்றையும் அவனே பேசிவிடுவான்.

உள்ளே போனதும் போன்ஜூர். அப்புறம் வாட்ச் பின்தங்குகிறது என்று சொல். 'மா மோந்த்ர் ரெதார்த்', சரிதானே? உன் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். வாட்ச் பெண்பால் என்றும் போட்டிருந்தது. அதே புத்தகத்தில் பெண்பாலாகச் சொன்னால் கடிகாரம், ஆண்பாலாகச் சொன்னால் அதற்குள் ஆடுகிற பெண்டுலம் என்று ஒரே சொல்லை இரண்டு விதமாகப் போட்டிருக்கிறது. உனக்கு இது தலைவலி. எனக்கென்னவோ கேட்கச் சந்தோஷமாக இருந்தது. தப்பாகச் சொன்னால் அவர் பெண்டுலத்தைத் தேடுவார், தேடட்டும்.

அவர் மூடியைத் திறந்து முள்ளைத் தொடும்போது, எங்கள் அப்பாவுக்கு நாற்பது வருஷமாக ஒரு சந்தேகம் என்று சொல்லி இதைக் கேள். குளிரில் பின்தங்குகிற வாட்சை ஏ பக்கம் தள்ளுவாரா, இல்லை முள்ளைத் தொடாமல் பழைய எண்ணெயைக் கழுவிப் புதுசு போடுவாரா? நான் எண்ணெய்க் கட்சி. தவுக்கே முள்ளுக் கட்சி. அவர் சாகிறவரை இந்தச் சண்டை தீரவில்லை. அந்த ஊர்ப் பெரிய சர்ச்சில் சுமார் முப்பதாயிரம் உறுப்புகளோடு ஒரு கடிகாரம் இருக்கிறதாமே, 1860-ல் முடித்தது, கடல் இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு துறைமுகங்களில் தண்ணீர் ஏறி இறங்குகிற நேரம்கூடக் காட்டுகிறதாம். அதற்கும் ஒரு நாள் போ. அது மணி அடிப்பதைப் பதிவு செய்து அனுப்பு. அதை மட்டும் ஒரே மடங்கு வேகத்தில் கேட்கிறேன்.

கிறிஸ்மஸுக்கு வருகிறதா, ஜனவரி முடித்துவிட்டு வருகிறதா என்பதை வாட்ச் கடைக்குப் போய் வந்த பிறகு நீயே சொல். எதைச் சொன்னாலும் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு நான் மோட்டாரோடு வந்து நிற்பேன்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. வாட்சாப்பில் இங்கிலீஷ் எழுத்தில் வேண்டாம், காகிதத்தில், தமிழில். ல ள ழ மூன்றும் இடம் மாறித்தான் இருக்கும், எனக்குத் தெரியும். நான் சிரிப்பேன், தம்பியைக் கூப்பிட்டும் காட்டுவேன். நீ எழுது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அம்மா முறுக்கும் அச்சுமுறுக்கும் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறாள். நெய் உருண்டை இல்லை, பால் நெய் கலந்தது எதையும் அங்கே உள்ளே விடமாட்டார்கள் என்று போஸ்ட் ஆபீசில் சொன்னார்கள், அதற்கு இன்னும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். உடையாத முறுக்கை மதாமுக்குக் கொடு. எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டால் ஃபிரிஜ்ஜுக்கு மேலே என்று சொல்லிப் பார்.